மொழி முன்னொட்டு எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம், தமிழ், சிங்களம் என மூன்று மொழிகளில் ஒரு ஜாங்கோ (பைத்தானில் இணையத்தளம் கட்டும் சட்டகம்) செயலி. ஐ18என்_பேட்டர்ன்ஸ் போட்டதும் எல்லா முகவரிகளுக்கும் மொழி முன்னொட்டு வந்துவிட்டது. கூடவே மூன்று தொல்லைகளும் வந்தன. தமிழில் படித்துக்கொண்டிருப்பவர் ஏதோ ஒரு லிங்கைத் தொட்டதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். பணம் கட்டியவரின் ஆர்டர் 'நிலுவையில்' என்றே நிற்கிறது. சிங்களப் பக்கங்கள் உங்கள் கணினியில் திறக்கின்றன, சர்வரில் 404 (பக்கம் இல்லை). "பேசாமல் முன்னொட்டை எடுத்துவிட்டுக் குக்கீயை மட்டும் நம்பலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். வேண்டாம். மூன்றுமே முன்னொட்டின் குற்றம் அல்ல. ஒரு ரிக்வெஸ்ட் வந்தால் அதன் மொழியை யார் முடிவு செய்வது என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை என்பதுதான் அடியில் இருக்கும் சிக்கல். உங்கள் நிரலை (கோட்) நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் காரணங்கள் பெரும்பாலும் கீழே உள்ளவைதான். (கோடில் வரும் பெயர்களை உச்சரிப்பாகவே எழுதுகிறேன். /டிஏ/ என்றால் முகவரியில் வரும் டி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்.)

குக்கீ மட்டும் ஏன் போதாது? ஒரே முகவரி ஆளுக்கு ஒரு மொழியில் திறந்தால், நீங்கள் தமிழில் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்கம் நண்பருக்கு ஆங்கிலத்தில் திறக்கும். தேடுபொறிக்கு இது இன்னும் மோசம். கூகுளின் தேடல் ரோபோ குக்கீயைப் பக்கத்துக்குப் பக்கம் தூக்கிக்கொண்டு வராது. விரும்பும் மொழியைச் சர்வருக்குச் சொல்லும் அக்செப்ட்-லாங்குவேஜ் என்ற தலைப்பையும் (ஹெடர்) அனுப்பாது. ஆகவே உங்கள் தமிழ்ப் பக்கங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. மொழிக்கு ஒரு முகவரி வையுங்கள் என்று கூகுளும் தன் வழிகாட்டியில் சொல்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆகவே விதி இதுதான். மனிதர் படிக்கும் பக்கத்தின் மொழியை முகவரி மட்டுமே முடிவு செய்ய வேண்டும். குக்கீக்கும் பிரவுசர் தலைப்புக்கும் வேலை வாசலில் மட்டும். முன்னொட்டே இல்லாமல் தளத்தின் முதல் பக்கத்துக்கு வருபவரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று கேட்க மட்டும் அவை. உள்ளே வந்தபின் அவற்றிடம் எதையும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் மொழியைத் தேர்ந்தெடுக்கும் ஜாங்கோ பகுதியான லோக்கேல்மிடில்வேரும் இந்த வரிசையில்தான் பார்க்கிறது: முகவரி முன்னொட்டு, பிறகு ஜாங்கோ_லாங்குவேஜ் என்ற குக்கீ, பிறகு அக்செப்ட்-லாங்குவேஜ், கடைசியாக செட்டிங்ஸில் உள்ள லாங்குவேஜ்_கோட். பழைய பதிவுகளில் செஷனிலும் மொழியை வைக்கலாம் என்று எழுதியிருக்கும். 4.0 பதிப்பிலிருந்து அது கிடையாது. மிடில்வேர் பட்டியலில் இது செஷன்மிடில்வேருக்குக் கீழேயும் காமன்மிடில்வேருக்கு மேலேயும் இருக்க வேண்டும்.

இனி முதல் தொல்லை, மொழி தாவுவது. ஏதோ ஒரு டெம்ப்ளேட்டில் /தொடர்பு/ என்று முன்னொட்டு இல்லாத முகவரியைக் கையால் எழுதியிருப்பீர்கள். அதைச் சொடுக்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்படி ஒரு பாதை இல்லை, 404 உருவாகிறது. அந்த 404 வெளியே போகும் வழியில் லோக்கேல்மிடில்வேர் அதைப் பிடித்து, 'முன்னால் மொழியைச் சேர்த்தால் இந்தப் பாதை இருக்கிறதா' என்று பார்க்கிறது. இருந்தால் 302 (தற்காலிக ரீடைரக்ட்) கொடுத்து அங்கே அனுப்புகிறது. பக்கம் திறந்துவிடுவதால் தவறு கண்ணில் படாது. ஆனால் சேர்க்கும் மொழி எது? பாதையில் மொழி இல்லை, ஆகவே குக்கீ, அதுவும் இல்லையென்றால் பிரவுசர் தலைப்பு. போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் படிப்பவர்கள் நம்மிடம் ஏராளம். அவர்களுடைய தலைப்பு ஆங்கிலம் என்றுதான் சொல்லும். அதனால்தான் தாவல்.

மருந்து சலிப்பூட்டும் வேலைதான்: எல்லா டெம்ப்ளேட்டிலும் யூஆர்எல் டேக், எல்லா பைத்தான் கோடிலும் ரிவர்ஸ். இரண்டும் பாதையின் பெயரைக் கொண்டு முன்னொட்டோடு முகவரியைக் கட்டித் தருபவை. மூன்று இடங்களை மட்டும் தனியாகப் பாருங்கள், வழக்கமாக அங்கேதான் விட்டுப்போகும். ஒன்று, செட்டிங்ஸில் லாகின்_யூஆர்எல்: அதில் பாதையை எழுதாமல் யூஆர்எல்லின் பெயரைக் கொடுங்கள். இரண்டாவது, கிளாஸ் வியூவில் சக்சஸ்_யூஆர்எல்: அங்கே ரிவர்ஸ் எழுதினால் யூஆர்எல்கள் தயாராகும் முன்பே ஓடி, வழக்கமாகப் பிழை காட்டி நின்றுவிடும், ரிவர்ஸ்_லேஸி எழுத வேண்டும். மூன்றாவது கோடிலேயே இல்லை, டேட்டாபேஸில் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையை நகலெடுத்துத் தமிழாக்கிய எடிட்டர் உள்ளே இருந்த லிங்குகளை அப்படியே விட்டிருப்பார். ஒரு சிறு ஸ்கிரிப்ட் போட்டு, தமிழ் உள்ளடக்கத்தில் /ஈஎன்/ என்று தொடங்கும் லிங்குகளையும் முன்னொட்டே இல்லாத லிங்குகளையும் தேடிப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைக்கும்.

பின்னணியில் ஓடும் வேலைகளும் இதே ரகம். செலரியில் (பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) அனுப்பும் மின்னஞ்சலுக்குள் ரிவர்ஸ் கூப்பிட்டால் அங்கே ரிக்வெஸ்ட் கிடையாது, மொழியும் கிடையாது. லாங்குவேஜ்_கோட் எதுவோ அதில்தான் லிங்க் போகும். பயனருடைய மொழியை அவருடைய பதிவிலேயே சேமித்து, மின்னஞ்சல் கட்டும் பகுதியை ட்ரான்ஸ்லேஷன்.ஓவர்ரைட் என்பதற்குள் வையுங்கள்.

இரண்டாவது தொல்லை பணம் சம்பந்தப்பட்டது, அவசரமானதும்கூட. பேமென்ட் கேட்வே 'பணம் வந்துவிட்டது' என்று உங்கள் சர்வருக்கு ஒரு போஸ்ட் (தரவைச் சுமந்து வரும் ரிக்வெஸ்ட்) அனுப்பும். அது முன்பு பதிவு செய்த, முன்னொட்டு இல்லாத முகவரிக்கு வருகிறது. மேலே சொன்ன அதே கதை: 404, பிடித்தல், 302. 302 கிடைத்ததும் பல கிளையன்ட்கள் போஸ்ட்டை கெட் (பக்கத்தை வெறுமனே கேட்கும் ரிக்வெஸ்ட்) ஆக மாற்றிப் புதிய முகவரிக்குப் போகும், கொண்டுவந்த தரவு வழியிலேயே விழுந்துவிடும். மற்றவை ரீடைரக்ட்டைப் பின்தொடரவே மாட்டா. எப்படியானாலும் ஆர்டர் நிலுவையில்தான். ஃபார்மின் ஆக்ஷனில் முன்னொட்டில்லாத பாதை எழுதியிருந்தால் சாதாரண ஃபார்மும் இதேபோல் காலியாகும். சர்வர் லாகில் அந்தப் பாதைக்கு வந்த போஸ்ட்டுக்கு எதிரே 302 என்று இருந்தால் நோய் உறுதி.

எந்திரங்கள் கூப்பிடும் எதற்கும் முன்னொட்டு வைக்காதீர்கள் என்பது இதற்கான விதி. பேமென்ட் அறிவிப்பு, ஏபிஐ, ஓஆத் (வேறு தளத்தின் கணக்கால் உள்நுழையும் முறை) திரும்பும் முகவரி, சைட்மேப், ரோபோட்ஸ் கோப்பு, ஹெல்த் செக் எல்லாம் ஐ18என்_பேட்டர்ன்ஸுக்கு வெளியே சாதாரண யூஆர்எல்பேட்டர்ன்ஸில் இருக்கட்டும். ஓஆத்தில் திரும்பும் முகவரி பதிவு செய்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மொழிக்கு ஒன்றாக மாறினால் லாகினே நடக்காது. பயனர் எந்த மொழியிலிருந்து போனார் என்பதை செஷனில் வைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் அங்கே அனுப்புங்கள். மொழி மாற்றும் செட்லாங் முகவரியும் வெளியேதான் இருக்க வேண்டும், இதை ஜாங்கோ ஆவணமே எச்சரிக்கிறது. ஐ18என்_பேட்டர்ன்ஸை மூல யூஆர்எல் கோப்பில் மட்டுமே எழுதலாம். இன்க்ளூட் செய்த ஆப்பின் கோப்பில் எழுதினால் பிழை காட்டி நின்றுவிடும்.

மூன்றாவது, சிங்களத்துக்கு மட்டும் 404. தமிழ் வேலை செய்கிறது, சிங்களம் செய்யவில்லை என்பதே பெரிய துப்பு. லாங்குவேஜஸ் பட்டியலில் மொழியைச் சேர்த்தால் மட்டும் ஜாங்கோ ஏற்றுக்கொள்ளாது. அந்த மொழிக்குத் தொகுக்கப்பட்ட மொழிபெயர்ப்புக் கோப்பு (எம்ஓ கோப்பு) ஒன்றாவது இருக்கிறதா என்றும் பார்க்கும். தமிழுக்கு ஜாங்கோவே ஒன்றைக் கொண்டுவருகிறது. சிங்களம் ஜாங்கோவின் சொந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே உங்கள் லோக்கேல் ஃபோல்டரில் உள்ளதுதான் ஒரே ஆதாரம். உங்கள் கணினியில் அதை உருவாக்கும் கம்பைல்மெசேஜஸ் கட்டளையை ஓட்டியிருப்பீர்கள், கோப்பு இருக்கும். கிட்ஹப் தரும் பைத்தான் கிட்இக்னோர் (கிட்டில் சேர்க்க வேண்டாத கோப்புகளின் பட்டியல்) மாதிரியில் எம்ஓ கோப்புகளை ஒதுக்கும் ஒரு வரி உண்டு. அதை அப்படியே எடுத்திருந்தால் கோப்பு சர்வருக்குப் போயே இருக்காது. பிழைச் செய்தி ஏதும் வராது, மௌனமாக 404 மட்டும்தான். டிப்ளாய் செய்யும் படிகளில் கம்பைல்மெசேஜஸைச் சேருங்கள். ஸ்லிம் வகை டாக்கர் இமேஜ் என்றால் கெட்டெக்ஸ்ட் பேக்கேஜையும் நிறுவ வேண்டியிருக்கும். மொழியின் பெயரைக் காட்டும் டேக் 'தெரியாத மொழி' என்று விழுந்தால் லாங்_இன்ஃபோ அகராதியில் சிங்களத்தை நீங்களே சேர்க்க வேண்டும்.

லாங்குவேஜஸ் பற்றி இன்னொன்று. அதை நீங்கள் எழுதாவிட்டால் ஜாங்கோ தனக்குத் தெரிந்த எல்லா மொழிகளையும் ஏற்றுக்கொள்ளும். /எஃப்ஆர்/ என்று போட்டால் பிரெஞ்சுத் தளம் ஒன்று இருப்பதுபோல் திறக்கும். இதைவிட வேடிக்கை, அலுவலகச் செயலிகளில் மனிதவளப் பிரிவுக்கு /ஹெச்ஆர்/ என்று முன்னொட்டில்லாத பாதை வைத்திருப்பார்கள். அந்த இரண்டெழுத்து குரோஷிய மொழியின் குறியீடு. பக்கம் சரியாகத் திறக்கும், ஃபார்மின் பிழைச் செய்திகள் மட்டும் குரோஷிய மொழியில் வரும். /ஐடி/ இரு வகையிலும் மாட்டும்: ஐ-டி என்றால் இந்தோனேசியம், ஐ-ட்டி என்றால் இத்தாலியம். மூன்று மொழி என்றால் மூன்றை மட்டும் எழுதுங்கள். லாங்குவேஜ்_கோடும் அந்தப் பட்டியலில் உள்ள அதே எழுத்துகளில் இருக்கட்டும். புதிய புராஜெக்டில் அது 'ஈஎன்-யூஎஸ்' என்று வரும், உங்கள் பட்டியலில் வெறும் 'ஈஎன்' இருக்கும், இரண்டும் ஒன்றல்ல.

குறியீட்டில் மொழியையும் நாட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். /எல்கே/, /ஐஎன்/ என்பவை நாடுகள். ஐ-என் என்பது ஒரு காலத்தில் இந்தோனேசிய மொழிக்கான குறியீடாகவும் இருந்தது, பழைய ஜாவா பதிப்புகளில் இன்றும் அது எட்டிப்பார்க்கும். தமிழ் டி-ஏ, சிங்களம் எஸ்-ஐ. இலங்கைத் தமிழ், இந்தியத் தமிழ் என்று 'டிஏ-எல்கே', 'டிஏ-ஐஎன்' பிரிப்பது விலையோ சட்டமோ உள்ளடக்கமோ உண்மையிலேயே வேறானால் மட்டும். சும்மா பிரித்தால் ஒரே பக்கத்தை இரண்டு முறை பராமரிப்பீர்கள்.

இயல்பு மொழிக்கும் முன்னொட்டு வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். இது விதி அல்ல, என் தேர்வு: புதிய தளம் என்றால் மூன்றுக்கும் வையுங்கள். 1.10 பதிப்பில் வந்த பிரீஃபிக்ஸ்_டிஃபால்ட்_லாங்குவேஜ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் ஆங்கிலம் முன்னொட்டின்றி வரும். ஆனால் அதன்பிறகு முன்னொட்டில்லாத முகவரி என்றால் ஆங்கிலம்தான். வாசலில் குக்கீயையும் தலைப்பையும் ஜாங்கோ பார்க்கவே பார்க்காது. /ஈஎன்/ என்று யாராவது எழுதினால் 404. நாளை தமிழை இயல்பு மொழியாக்க நினைத்தால் எல்லா முகவரியும் பொருள் மாறும். ஏற்கெனவே பல வருடம் ஓடிய ஆங்கிலத் தளம், வெளியிலிருந்து ஆயிரக்கணக்கான லிங்குகள் என்றால் மட்டும் ஃபால்ஸ் நியாயம்.

வாசலில் கொடுக்கும் ரீடைரக்ட் 302 ஆகவே இருக்கட்டும். யாரோ 'எஸ்ஈஓவுக்கு நல்லது' என்று 301 (நிரந்தர ரீடைரக்ட்) ஆக்கினால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பயனர் பிறகு மொழியை மாற்றினாலும் பழைய மொழிக்கே போவார், உங்கள் சர்வருக்குச் செய்தியே வராது. அந்த ரீடைரக்ட்டோடு ஜாங்கோ வேரி (பதில் எதைப் பொறுத்து மாறும் என்று சொல்வது) தலைப்பில் அக்செப்ட்-லாங்குவேஜையும் குக்கீயையும் குறிப்பிடுகிறது. பக்கங்களின் நகலை வைத்துப் பரிமாறும் இடைச் சர்வர்களான சிடிஎன்கள் எல்லாமே வேரியை மதிப்பதில்லை. மதிக்காத இடத்தில் முதலில் வந்தவரின் மொழி எல்லாருக்கும் பரிமாறப்படும். முதல் பக்கத்தை மட்டும் கேஷ் செய்யாதே (நகல் வைக்காதே) என்று சிடிஎன்னில் எழுதிவிடுவது பாதுகாப்பு. டெம்ப்ளேட்டுக்குள் கேஷ் டேக் போட்டிருந்தால் அதன் சாவியில் லாங்குவேஜ்_கோடையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் சிங்களப் பக்கத்தின் மேல் தமிழ் மெனு வந்து உட்காரும்.

மொழி மாற்றும் பட்டன் முதல் பக்கத்துக்குப் போகாமல், இதே பக்கத்தின் மறுமொழி வடிவத்துக்குப் போக வேண்டும். அது சாதாரண லிங்காக இருக்கட்டும், தேடல் ரோபோ ஃபார்மைப் போஸ்ட் செய்யாது. /டிஏ/ முகவரிக்கு வந்ததால் மட்டும் ஜாங்கோ குக்கீ வைப்பதில்லை. அதற்காக ஒவ்வொரு பக்கத்திலும் குக்கீ வைத்தால் சிடிஎன் பக்கங்களைக் கேஷ் செய்ய மறுக்கலாம். லிங்கைச் சொடுக்கும்போது இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்டில் அதே பெயரில் குக்கீ எழுதினால் போதும். ஆயுள் 365 நாள், அதாவது 3,15,36,000 விநாடி கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிரவுசரை மூடியதும் போய்விடும். கொடிப் படம் வேண்டாம், தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்? 'தமிழ்' என்று தமிழிலும், சிங்களத்தைச் சிங்கள எழுத்திலும் எழுதுங்கள்.

அந்த லிங்கைச் செய்ய ட்ரான்ஸ்லேட்_யூஆர்எல் என்ற ஃபங்ஷன் உண்டு. அது முன்னொட்டை மாற்றும், ஸ்லக்கை (கட்டுரைப் பெயரிலிருந்து செய்த முகவரிப் பகுதி) மாற்றாது. ஒரு கட்டுரைக்கு மொழிக்கு ஒரு ஸ்லக் வைத்திருந்தால் ஆங்கில ஸ்லக்கோடு தமிழ் முகவரிக்குப் போய் 404 வாங்கும். அங்கே அந்தப் பொருளிடமே அதன் தமிழ் முகவரியைக் கேட்க வேண்டும். அல்லது ஸ்லக்கோடு எண்ணையும் வைத்து, எண்ணை வைத்துத் தேடி, ஸ்லக் தவறானால் சரியானதற்கு அனுப்பலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

தமிழ் ஸ்லக் வைக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். ஜாங்கோவின் ஸ்லக்ஃபை ஃபங்ஷனுக்கு அலவ்_யூனிகோட் ட்ரூ என்று கொடுத்து 'தமிழ்' என்ற சொல்லை அனுப்புங்கள். திரும்பி வருவது 'தமழ'. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கணக்கில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தே அல்ல, ஆகவே துடைத்துவிடுகிறது. அசிங்கம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட: 'கல்வி', 'கலவை' இரண்டும் 'கலவ' ஆகி மோதும். சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதி, தமிழ்த் தொகுதியின் குறிகளை விட்டுவைக்க வேண்டும். யூஆர்எல் பாதையில் ஸ்லக் என்ற வகை ஆங்கில எழுத்துகள், எண்கள், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும், எஸ்டிஆர் வகைக்கு மாற்றுங்கள். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் என்எஃப்சி (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாகக் குறிக்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றுங்கள். 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. நீளமும் கணக்கில் இருக்கட்டும்: 'தமிழ்' என்ற ஒரு சொல்லில் 5 குறியீடுகள், 15 பைட், சதவீதக் குறியாக மாறினால் 45 எழுத்து. தமிழ் ஸ்லக் தேடலில் முன்னுக்கு வர உதவுமா என்பது அடித்துச் சொல்லக்கூடிய விஷயமல்ல. எண்ணோடு ஒரு குட்டி ரோமன் ஸ்லக் போதும் என்பது என் சாய்வு.

தேடுபொறிக்கான குறிப்புகளில் உறுதியானவை சில. ஒவ்வொரு மொழிப் பக்கமும் மற்ற எல்லா மொழிப் பக்கங்களையும், தன்னையும் சேர்த்து, ஹெச்ரெஃப்லாங் (இதே பக்கம் வேறு மொழியில் எங்கே என்று காட்டுவது) லிங்கில் குறிப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை காட்டினால் கூகுள் கண்டுகொள்ளாமல் போகலாம். முகவரி ஹெச்டிடிபிஎஸ் முதல் முழுதாக இருக்க வேண்டும். வாசல் பக்கத்துக்கு எக்ஸ்-டிஃபால்ட் (எந்த மொழியும் பொருந்தாதவருக்கானது). கனானிக்கல் (இதுதான் மூலப் பக்கம் என்று சொல்லும் லிங்க்) அந்தந்த மொழிப் பக்கத்தையே காட்ட வேண்டும். தமிழ்ப் பக்கத்தின் கனானிக்கல் ஆங்கிலத்தைக் காட்டினால், 'இது நகல், இதை எடுத்துவிடு' என்று நீங்களே சொன்னதாகிவிடும். ஜாங்கோ 3.2 முதல் சைட்மேப் கிளாஸில் ஐ18என், ஆல்டர்னேட்ஸ், எக்ஸ்_டிஃபால்ட் மூன்றையும் ட்ரூ ஆக்கினால் சைட்மேப்பே இதைச் செய்யும். மொழிபெயர்ப்பு இன்னும் வராத பக்கத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். /டிஏ/ முகவரியில் ஆங்கிலக் கட்டுரையைப் போட்டு 200 கொடுப்பதைவிட, 'தமிழில் இன்னும் இல்லை' என்று ஒரு வரியும் ஆங்கில லிங்கும் மேல்.

எல்லாம் மாற்றியபின் பிரவுசரில் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் உங்கள் குக்கீ இருக்கும். கர்லில் (கட்டளை வரியிலிருந்து முகவரியைக் கேட்கும் கருவி) பாருங்கள். குக்கீ, தலைப்பு எதுவுமின்றி முதல் பக்கம்: 302, ஆங்கிலம். தமிழ் தலைப்போடு: 302, தமிழ். தமிழ் தலைப்போடும் சிங்களக் குக்கீயோடும்: சிங்களம். ஆங்கிலக் குக்கீயோடு /டிஏ/ பக்கம்: 200, கான்டென்ட்-லாங்குவேஜில் டி-ஏ. பேமென்ட் அறிவிப்பு முகவரிக்கு ஒரு வெற்றுப் போஸ்ட்: 400 வந்தாலும் 403 வந்தாலும் கவலையில்லை, 302 மட்டும் வரக் கூடாது.